பெட்டியை ஏற்றச் சொன்னது நான்

கிள்ளான் துறைமுகச் சாலையில் ஓடுகிற லோரிகளில் பாதியாவது என் பட்டறையில் ஒரு தடவை டயர் மாற்றியிருக்கும். அந்தப் பட்டறையைக் கட்டியது நான். அதற்குப் பின்னால் இருக்கிற கண்டெய்னர் யார்டு ஒரு காலத்தில் முட்டளவு தண்ணீர் நிற்கிற சதுப்பு. தவுக்கே என்று நாங்கள் சொல்கிற சீன முதலாளி ஒருவர் என் காதுபடவே, "இந்த ஆள் மண்ணைக் கொட்டலை, காசைக் கொட்டுறான்" என்று சிரித்தார். பிற்பாடு அவருடைய கண்டெய்னர்களையும் அங்கேதான் அடுக்கினார். பிரிக்ஃபீல்ட்ஸில் மூன்று மாடிக் கடைவீடு கட்டினேன். பிள்ளைகள் மூன்று பேரையும் பட்டதாரியாக்கினேன். நான் படித்தது டெங்கில் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை. மலாய் மொழி, ஸ்டியரிங் பிடித்தபடி வந்தது. ஆங்கிலம் காதுவழியாக வந்தது. வங்கி மேனேஜர் ஒருவர் என்னை நிற்கவைத்தே பேசி அனுப்பினார். சில வருடம் கழித்து அவரே என் யார்டுக்கு வந்து, உட்காரலாமா என்று கேட்டார்.

இவ்வளவும் செய்தவன்தான், இரண்டு எஞ்சின் வைத்த டர்போபிராப் விமானம் ஒன்றையும் வாங்கி, சுபாங் விமான நிலையத்தில் நிறுத்தி நடத்தினேன். வெளியே விசிறி, உள்ளே ஜெட் எஞ்சின், அதுதான் டர்போபிராப். லோரிக்காரனுக்கு எதற்கு விமானம் என்று கேட்காத ஆள் கிடையாது.

இந்த விஷயத்தில்தான் இப்போது என் பெயரை விட்டுவிட்டார்கள்.

விமானத்தை நான் விற்றுப் பல வருடம் ஆகிறது. வாங்கியவர்கள் நான் விட்ட வேலையை விடாமல் செய்கிறார்கள்: இங்கே வேலைக்கு வந்து செத்துப்போனவர்களைக் கடல் தாண்டிச் சபா, சரவாக்கில் இருக்கிற சொந்த வீட்டுக்குப் பறந்து கொண்டுபோய்ச் சேர்ப்பது. இப்போது அதற்கு நல்ல மரியாதை. விமானம் நிற்கிற ஹங்கர் சுவரில் ஒரு பலகை மாட்டப்போகிறார்களாம். அதில் அந்த விமானத்தை எனக்கு ஓட்டிய கேப்டனின் படம். படத்துக்குக் கீழே, 'இறந்தவர்களை வீடு சேர்க்கும் இப்பணியைத் தொடங்கியவர்.' என் மகள்தான் போனில் வந்ததை வாசித்துக் காட்டினாள். வாசகத்தை எழுதிக் கொடுத்தது கேப்டனின் மனைவி.

கேப்டன் என்மேல் கோபப்படமாட்டார். அவர் உயிரோடு இல்லை. ஆனால் இல்லாமலும் இல்லை. அதைத்தான் இதில் சொல்லவேண்டியிருக்கிறது.

அவர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்த கத்தோலிக்கத் தமிழர். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். விமானம் வாங்குவதற்கு முன்னால் ஒரு வாழையிலைக் கடையில் வைத்து அவரைப் பேசிப் பார்த்தேன். சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"பாஸ், இது லோரி மாதிரி இல்ல. நின்னாலும் தின்னும். பறக்காம நிறுத்தி வச்சாக்கூட மாசம் தவறாம செக்கப் கேக்கும்."

"என் மாமியாரைவிடவா?"

"மாமியாருக்கு ஒரு எஞ்சின்தான் பாஸ்."

அந்தப் பதிலுக்காகவே அவரை வேலைக்கு எடுத்தேன். பின்பக்கம் அகலமான சரக்குக் கதவு வைத்த விமானத்தைத்தான் வாங்கவேண்டும் என்று நான் நின்றேன். பணக்காரர்களை ஏற்றுவதற்கு அந்தக் கதவு தேவையில்லை என்று புரோக்கர் சொன்னார். கப்பல் எஞ்சின் சாமான் ஏற்றலாம், எண்ணெய்க் குழாய் ஏற்றலாம் என்று நான் கணக்குப் போட்டேன். அந்தக் கதவு இல்லாவிட்டால் பின்னால் நடந்தது எதுவும் நடந்திருக்காது. அந்தக் கதவு என் மூளை. இதையும் எங்காவது எழுதி வையுங்கள்.

விமானத்தில் எனக்கு முதலில் பயம் காட்டியது அதன் விசிறிதான். எஞ்சின் அணைந்து குளிர்ந்துபோன பிறகும், லேசாகக் காற்று வந்தால் போதும், அது தானே சுற்றும். விசிறிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இரும்புப் பிடிப்பு இல்லை, உள்ளே ஓடுகிற சூடான காற்றுதான் பிடிப்பு என்று கேப்டன் விளக்கினார். அதனால் நிறுத்தியதும் பட்டை போட்டுக் கட்டிவிட வேண்டும். ஆளில்லாத ஹங்கர் வாசலில், நடுப்பகலில், ஒரு விசிறி சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தால்தான் நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

அடுத்தது சத்தம். இரண்டு விசிறியும் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். மயிரிழை வித்தியாசம் வந்தாலும் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு 'வூம்… வூம்… வூம்' என்று ஓர் இழுப்பு கேட்கும், மூச்சு வாங்குகிற மாதிரி. தானாகச் சரிசெய்கிற கருவி எங்கள் விமானத்தில் அடிக்கடி மக்கர் பண்ணும். கேப்டனுக்கு அது தேவையே இல்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே லீவரை நகம் அளவு தள்ளுவார். இழுப்பு நீண்டு, நீண்டு, மறைந்துவிடும். இரண்டு எஞ்சினும் ஒன்றாகிவிடும். வேறு எந்தப் பைலட் ஓட்டினாலும் அந்த மூச்சு எனக்குக் கேட்டது.

இப்போது முதல் சவப்பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். இதுதான் சாட்சி.

சரவாக்கிலிருந்து வந்து கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு பெண், என் லோரி டிரைவருடைய பக்கத்து வீட்டுக்காரி. அவளுடைய தம்பி அம்பாங்கில் கட்டட வேலையில் மேலேயிருந்து விழுந்து செத்துப்போனான். பண்டிகைக் காலம். பெரிய விமானங்களில் சரக்கு இடம் இல்லை, பொறுங்கள் என்றார்கள். அங்கே அம்மா படுத்த படுக்கை. மகன் முகத்தைப் பார்க்காமல் கண்ணை மூடமாட்டேன் என்கிறாள். டிரைவர் அந்தப் பெண்ணை நேரே ஹங்கருக்கே அழைத்து வந்துவிட்டான். அவள் அழவில்லை. விமானத்தின் அகலக் கதவைப் பார்த்தாள். கையை விரித்து அளந்தாள். பெட்டி போகும் என்று அவளே மலாயில் சொன்னாள்.

கேப்டன் என்னைக் கொஞ்சம் தள்ளி இழுத்துப் போனார்.

"வேணாம் பாஸ். ஒரு தடவை பெட்டி ஏறினா அப்புறம் பட்டம் வாங்குன ஒரு டத்தோகூட நம்ம பிளேன்ல கால் வைக்க மாட்டான்."

"ஏத்துங்க."

"மத்த கம்பெனிக்காரங்க யாரும் செய்யலன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கு லா."

"மத்தவன் அகலக் கதவு வச்சு வாங்கல. நான் வாங்குனேன். ஏத்துங்க கேப்டன்."

"நாளைக்கு என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

"சொல்ல மாட்டேன். ஆவிக்குப் பயமா?"

"நான் பைபிள் படிக்கிறவன், எனக்கு ஆவி பயம் இல்ல. எனக்கு உங்க முதலாளி புத்திதான் பயம்."

சிரித்தார், ஆனால் மனசில்லாமல்தான் போனார். இதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அந்த டிரைவர் இன்னும் என் யார்டில்தான் இருக்கிறான்.

பெட்டியைக் கட்டியதும் நான்தான். ஓடுபாதையில் விமானம் முன்னால் பாயும்போது பெட்டி பின்னால் பாயக்கூடாது; இறங்கிப் பிரேக் போடும்போது பைலட் முதுகில் வந்து மோதக்கூடாது. நாற்பது அடிக் கண்டெய்னரைக் கட்டியவனுக்கு இது தெரியாதா? விமானத் தரையில் பதித்த தண்டவாளத்தில் பட்டையைக் கொக்கி போட்டு, குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டி, உதைத்துப் பார்த்தேன். அசையவில்லை. உதைத்த பிறகுதான் உள்ளே ஒரு பையன் படுத்திருக்கிறான் என்பது உறைத்தது. குனிந்து பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

சாதாரண நாளில் கேப்டன் படியில் கால் வைத்ததும் திரும்பி, "வரேன் பாஸ்" என்பார். நான், "போயிட்டு வாங்க கேப்டன்" என்பேன். ஒருநாளும் தவறியதில்லை. அன்றைக்கும் அவர் வாயெடுத்தார். நான் கையைக் காட்டித் தடுத்தேன்.

"சாவு வீட்டுல சொல்லிட்டுப் போகக்கூடாது கேப்டன்."

"இது வீடு இல்ல பாஸ், பிளேன்."

"பெட்டி இருக்கிற இடம் சாவு வீடுதான். பேசாமப் போங்க."

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது 'வரேன்' என்றால், இன்னொரு துக்கத்துக்கு அதே வீட்டுக்கு வருவேன் என்றாகிவிடும். அதனால் யாரும் யாரிடமும் விடைபெறாமல் எழுந்து நடந்துவிடுவோம். கேப்டன் தோளைக் குலுக்கிவிட்டு ஏறிப் போனார். அன்றிலிருந்து அது எங்கள் சட்டமாகிவிட்டது. பெட்டி உள்ள நாளில் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்வதில்லை, கையும் ஆட்டுவதில்லை. அவர் கதவைச் சாத்துவார், நான் திரும்பி நடந்துவிடுவேன்.

அவர் சொன்னது பலித்தது. 'பொண பிளேன்' என்று பெயர் வந்துவிட்டது. தீவுக்கு உல்லாசமாகப் போகிறவர்கள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். ஒரு கம்பெனி முதலாளி உள்ளே ஏறி, மூக்கை உறிஞ்சி, "என்ன வாசம் இது?" என்று கேட்டு இறங்கிப் போனார். ரோஜாத் தண்ணீரும் மல்லிகையும் கலந்த வாசம். இருக்கைத் துணியைக் கழற்றி மாற்றினோம், கார்ப்பெட்டை மாற்றினோம். வாசம் போகவில்லை. மழை பெய்து வெயில் அடித்தால் இன்னும் கிளம்பும். துடைக்க வந்த பெண் ஒருத்தி, பின்னால் யாரோ உட்கார்ந்து எழுந்த மாதிரி மெத்தை அமுங்கி எழும்புகிறது என்று சொல்லிவிட்டு மறுநாளிலிருந்து வரவில்லை. நான் அதட்டினேன், சூட்டில் ஸ்பாஞ்சு உப்புகிறது என்றேன். அப்புறம் நானே ஒரு மத்தியானம் உள்ளே தனியாக உட்கார்ந்து பார்த்தேன். கொஞ்ச நேரம்தான் உட்கார்ந்தேன். அதற்குமேல் இருக்க முடியவில்லை. நான் எதையும் பார்க்கவில்லை. ஆனால் அங்கே இடம் இல்லாத மாதிரி இருந்தது. எல்லா இருக்கையிலும் ஆள் இருக்கிற பஸ்ஸில் ஏறிவிட்டதைப்போல.

ஆனாலும் நிறுத்தவில்லை. இப்போது கேப்டனைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்கிறேன். முதல் பெட்டிக்குத்தான் நான் உத்தரவு போட்டேன். போய்விட்டு வந்த மறுநாள், "அந்தப் பையனோட அம்மா என் கையைப் பிடிச்சு மோந்து பார்த்தாங்க பாஸ்" என்றார். இரண்டாவது பெட்டிக்கு அவரே எனக்குப் போன் செய்தார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிகளில் எல்லாம் அவருடைய நம்பர்தான் இருந்தது. டத்தோவை ஏற்றும்போது சாதாரணச் சட்டை போடுவார். பெட்டியை ஏற்றும்போது தோளில் நாலு பட்டை வைத்த வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வருவார்.

கேப்டனின் கடைசிப் பயணத்தில் பெட்டி ஒரு வயசான தையல்காரருடையது. சரவாக் கரையோரத்தில் ஒரு சின்ன ஊர். அன்று கேப்டன் கொஞ்சம் வெளுத்திருந்தார். "பசியாறியாச்சா?" என்று கேட்க நினைத்தேன். பெட்டி ஏறிவிட்டது, அதனால் கேட்கவில்லை. எங்கள் சட்டம் விடைபெறுவதற்கு மட்டும்தான். பசியாறியதைக் கேட்கக்கூடாது என்று எந்த ஊரிலும் வழக்கம் இல்லை. ஆனால் வாய் பழகிப்போய் மூடிக்கொண்டது. கதவு மூடுவதற்கு முன்னால் அவர் என்னைப் பார்த்தார். நான் திரும்பி நடந்துவிட்டேன்.

அன்று பிற்பகல் துணை பைலட் கூப்பிட்டார். மலாய்க்காரப் பெண், கூச்சிங்காரர், என்னை அங்கிள் என்றுதான் கூப்பிடுவார். இறங்கினார்களாம். பெட்டியைச் சொந்தக்காரர்கள் வேனில் ஏற்றியாயிற்றாம். வேன் மறைகிறவரைக்கும் கேப்டன் நேராக நின்றிருந்தாராம். பிறகு இறக்கை நிழலில் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார், தண்ணீர் கேட்டார். தண்ணீரோடு துணை பைலட் திரும்பி வந்தபோது கேப்டன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள் அந்த ஊர் ஆஸ்பத்திரியில்.

மறுநாள் நான் அங்கே போனேன். அவர் பெட்டியை நானே கட்டினேன். இந்தத் தடவை உதைத்துப் பார்க்கவில்லை. துணை பைலட் இடது இருக்கையில், கேப்டன் இருக்கையில், உட்கார மாட்டேன் என்றார். "எனக்கு வலது பக்கம்தான் பழக்கம், அங்கிள்" என்றார். வலது பக்கமிருந்தே விமானத்தைக் கிளப்பினார். நான் நேர் பின்னால், பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் காலியான இடது இருக்கை.

மேலே போனதும் அந்த மூச்சு ஆரம்பித்தது. வூம்… வூம்… வூம். கருவி அன்றைக்கும் வேலை செய்யவில்லை. அந்தப் பெண் லீவரை முன்னே தள்ளிப் பார்த்தார், பின்னே இழுத்துப் பார்த்தார், அது போகவில்லை. விட்டுவிட்டார். கீழே கடல், மேலே வெயில், மேகம்கூட இல்லை. நான் அந்த மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன். நடுக்கடலில் அது நீண்டது. இன்னும் நீண்டது. பிறகு இல்லை. இரண்டு எஞ்சினும் ஒன்றாகிவிட்டன.

நான் எட்டிப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் இரண்டு கையும் மடியில் இருந்தன. விமானம் தன்போக்கில் ஆட்டோபைலட்டில் போய்க்கொண்டிருந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். முகம் சாம்பலாக இருந்தது.

"நீ தொட்டியாம்மா?" என்று மலாயில் கேட்டேன்.

"இல்லை அங்கிள். நீங்கள்?"

என் கை அவ்வளவு தூரம் எட்டாது. காற்றின் சூடு மாறினால் அப்படித் தானாகச் சேர்வது உண்டு என்று பிற்பாடு ஒரு மெக்கானிக் சொன்னார். இருக்கலாம். அவர் அந்த விமானத்தில் இல்லை. நான் இருந்தேன்.

விமானத்தை விற்றேன். காரணம் கேட்டவர்களிடம் வயசாகிவிட்டது என்றேன். பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் இப்போது கூரை விசிறியை ஓடவிடுவதில்லை, ஏர்கோன் போட்டுக்கொள்கிறேன். அதுவும் நின்று நின்று ஓடும்போது, பக்கத்து அறையில் யாரோ கதவருகே வந்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நிற்கிற மாதிரி இருக்கிறது. யார் என்று எனக்குத் தெரியும். அவரைத் தடுத்தது யார் கை என்றும் தெரியும்.

பலகைச் சேதி கேட்டதும் சாலாக் செலாத்தானில் இருக்கிற கேப்டன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தார்.

"ஏன் தங்கச்சி அப்படி எழுதிக் குடுத்தீங்க? ஆரம்பிச்சது நான்தானே?"

"தெரியும் அண்ணே."

"தெரிஞ்சுமா?"

"அவரை எடுத்த அன்னைக்கே மாதா கோயில் வாசல்ல பேசுனாங்க. 'இவங்க பாஸ் பொணத்தை ஏத்தி ஏத்தி, கடைசில இவரையும் ஏத்திட்டாரு'ன்னு. உங்க காதுல விழலையா? அவரா ஆரம்பிச்சதுன்னு போட்டா அந்த வாய் மூடும்."

"எனக்காகப் பொய் சொல்ல வேணாம் தங்கச்சி. என்னைப் பேசாத வாய் இந்தக் கிள்ளான்ல இல்ல."

"உங்களுக்காக மட்டும் இல்ல." முந்தானையால் மேசையைத் துடைத்தார், மேசையில் ஒன்றும் இல்லை. "அவரே ஆசைப்பட்டுப் போனாருன்னா நான் தூங்கிடுவேன் அண்ணே. இன்னொருத்தர் சொல்லிப் போனாருன்னா, முடியாது."

தேத்தண்ணி ஆறிப்போயிற்று. பிறகு, முதல் பெட்டி மட்டும்தான் என் உத்தரவு, மற்றதெல்லாம் அவராகப் போனது, இரண்டையும் எழுதச் சொல்லலாமே என்றேன்.

"நான் மாத்திக் குடுக்க மாட்டேன்" என்றார். "நீங்க வேணும்னா கேளுங்க. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

ஆகவே கேட்கிறேன்.

பலகை மாட்டுகிறவர்களுக்குச் சொல்கிறேன். கேப்டன் படம் பெரிதாகவே இருக்கட்டும், நடுவிலேயே இருக்கட்டும். வெள்ளைச் சட்டை போட்ட படமாகப் போடுங்கள். அந்த வேலையை ஆசையோடு செய்தவர் அவர் என்று எழுதுங்கள்; ஒரு எழுத்துக்கூட நான் ஆட்சேபிக்கமாட்டேன். ஆனால் தொடங்கியவர் அவர் இல்லை. அவர் வேண்டாம் என்றார். நான் ஏற்றுங்கள் என்றேன். அதனால்தான் ஒரு தாய் மகன் முகத்தைப் பார்த்தாள்; அவளுக்குப் பிறகு எத்தனையோ தாய்மார் பார்த்தார்கள். அதனால்தான் அவரும் அந்த இறக்கை நிழலில் போய் உட்கார்ந்தார். முதல் பாதிக்கு மட்டும் என் பெயரைப் போட்டு, மறுபாதிக்கு விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. தப்புச் செய்தேன் என்றும் சொல்லவில்லை. செய்தது நான் என்கிறேன். சதுப்பில் மண் கொட்டியது நான் என்றால், அதில் நட்டமும் என்னுடையது, யார்டும் என்னுடையது. இதுவும் அப்படித்தான்.

'தொடங்கியவர்' என்ற சொல்லை அவர் படத்துக்குக் கீழேயிருந்து எடுங்கள். அதை என் பெயருக்குப் பக்கத்தில் போடுங்கள். படம் வேண்டாம், பெயர் போதும். பலகை மாட்டுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். தமிழில் எழுதியிருந்தால் நானே வாசித்துக்கொள்வேன். சின்ன எழுத்தில் மட்டும் போடாதீர்கள்.